999 அழைத்தால் எந்த வண்டி வரும்? பிரிட்டனின் ஆம்புலன்ஸ்களை அறிவோம்

உங்க மகளோ, மருமகனோ, அக்கா பையனோ இப்போது பிரிட்டனில் இருக்கலாம். லீட்ஸில் எம்.எஸ்சி. படிப்பு, லண்டனில் ஐ.டி. வேலை, பர்மிங்காமில் நர்ஸ் பணி என்று தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் ஏராளம். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் போய் இருந்துவிட்டு வரும் அம்மா அப்பாக்களும் உண்டு. தினமும் வீடியோ காலில் முகம் பார்க்கிறோம், என்ன சமையல் என்று கேட்கிறோம். ஆனால் ராத்திரி 2 மணிக்கு அங்கே ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால் எந்த எண்ணை அழைப்பது, என்ன வண்டி வரும் என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது.

"இதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கு, ஆம்புலன்ஸ் வரும், ஏத்திட்டுப் போவாங்க" என்றுதான் நினைப்போம். பிரிட்டனில் அப்படி இல்லை. அழைப்புக்குப் பிறகு வாசலில் வந்து நிற்பது பெரிய மஞ்சள் வேனாக இருக்கலாம், சாதாரணக் கார் போன்ற வண்டியாக இருக்கலாம், பைக்காக இருக்கலாம், மிதிவண்டியாகக்கூட இருக்கலாம். சில நேரம் வண்டியே வராது, ஒரு நர்ஸ் போனில் கூப்பிட்டுப் பேசுவார். இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தால், அந்த நேரத்தில் "என்னங்க, ஆம்புலன்ஸ் கேட்டால் காரை அனுப்பியிருக்காங்க" என்று பதற வேண்டியதில்லை.

முதலில் எண்

பிரிட்டனில் ஆம்புலன்ஸ், போலீஸ், தீயணைப்பு, கடலோரக் காவல் எல்லாவற்றுக்கும் ஒரே எண் 999. உலகில் இந்த மாதிரி அவசர எண் முதலில் வந்ததே அங்கேதான். 1935 நவம்பரில் லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பிடித்து 5 பெண்கள் இறந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் தொலைபேசி நிலையத்தை அழைத்தபோது, மற்ற அழைப்புகளோடு வரிசையில் காக்க வைக்கப்பட்டார். அந்தக் கோபத்தைப் பத்திரிகைக்குக் கடிதமாக எழுதினார். விசாரணை நடந்து, 1937 ஜூன் 30 அன்று லண்டனில் 999 தொடங்கியது. 111 என்று ஏன் வைக்கவில்லை தெரியுமா? அந்தக் காலத் தொலைபேசிக் கம்பிகள் காற்றில் ஒன்றோடொன்று உரசினாலே 1 என்ற எண் தானாகப் பதிவாகிவிடும். பொய் அழைப்புகள் குவியும்.

அந்த 111 இன்று வேறு வேலை செய்கிறது. உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் நாளை வரை பொறுக்க முடியாத பிரச்சினைக்கு 111-ஐ அழைக்க வேண்டும். காய்ச்சல் குறையவில்லை, மருந்து தீர்ந்துவிட்டது, டாக்டரைப் பார்க்க வேண்டுமா வேண்டாமா என்று குழப்பம் என்றால் 111. மயக்கம், மூச்சு முட்டல், நெஞ்சு வலி, பக்கவாத அறிகுறி, பெரிய ரத்தப்போக்கு என்றால் யோசிக்காமல் 999. நம்ம ஊரில் பழகிய 112-ம் அங்கே வேலை செய்யும், அது 999 போகும் இடத்துக்கே போகும்.

999 அழைத்ததும் முதலில் பேசுபவர் ஆம்புலன்ஸ்காரர் அல்ல. பி.டி. நிறுவனத்தின் தொலைபேசி ஊழியர், எந்தச் சேவை வேண்டும் என்று கேட்பார். "ஆம்புலன்ஸ்" என்ற ஒரு சொல் போதும், அந்தப் பகுதியின் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு இணைத்துவிடுவார். அங்கே கேட்கப்படும் ஆரம்பக் கேள்விகள்: நோயாளிக்கு மூச்சு இருக்கிறதா, நினைவு இருக்கிறதா. "இவ்வளவு கேள்வி கேக்குறாங்களே, வண்டியை அனுப்ப மாட்டாங்களா" என்று எரிச்சல் வரும். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். கேள்வி கேட்பவர் ஒருவர், வண்டி அனுப்புபவர் இன்னொருவர். மூச்சு இல்லை என்று தெரிந்த உடனே வண்டி கிளம்பிவிடும், பேச்சு அதன் பிறகும் தொடரும். நெஞ்சை எப்படி அழுத்த வேண்டும் என்று அந்த ஊழியரே எண்ணிக்கை சொல்லி வழிகாட்டுவார்.

யாருக்கு முதலில்?

பிரிட்டனின் அரசு மருத்துவ அமைப்பு என்.எச்.எஸ். 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. ஆம்புலன்ஸும் அதன் பகுதிதான், ஆனால் நாடு முழுக்க ஒரே சேவை கிடையாது. இங்கிலாந்தில் வட்டாரத்துக்கு ஒன்றாகப் பல ஆம்புலன்ஸ் அறக்கட்டளைகள் இருக்கின்றன. அறக்கட்டளை என்ற பெயரைப் பார்த்து தனியார் என்று நினைக்க வேண்டாம், அவை என்.எச்.எஸ். அமைப்புகளே. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனிச் சேவை.

இங்கிலாந்தில் 2017 முதல் அழைப்புகளை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். முதல் வகை, உயிர் போகும் நிலை: இதயத் துடிப்பு நின்றுவிட்டது, மூச்சு நின்றுவிட்டது போன்றவை. சராசரியாக 7 நிமிடத்தில் உதவி சேர வேண்டும் என்பது இலக்கு. இரண்டாம் வகையில் பக்கவாதம், மாரடைப்பு அறிகுறிகள் வருகின்றன, இலக்கு சராசரி 18 நிமிடம். மூன்றாம் வகைக்கு, பத்தில் ஒன்பது பேருக்கு 2 மணி நேரத்துக்குள். நான்காம் வகைக்கு 3 மணி நேரத்துக்குள். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் எண்களுக்குப் பதில் நிறங்களின் பெயரில் வகைகள் இருக்கின்றன.

நெஞ்சு வலி என்றால் முதல் வகையில்தானே வரும் என்று நாம் நினைப்போம். நோயாளி நினைவோடு, மூச்சோடு இருந்தால் அது பெரும்பாலும் இரண்டாம் வகை. முதல் வகை அதைவிட மோசமான நிலைக்கு. எந்த வண்டி வரும் என்பதும் இந்த வகைப்பாட்டைப் பொறுத்ததே.

மஞ்சள் வண்டி

நாம் மனதில் வைத்திருக்கும் ஆம்புலன்ஸுக்கு அங்கே பெயர் 'இருவர் ஆம்புலன்ஸ்'. இரண்டு ஊழியர்கள் இருப்பார்கள். ஒருவர் பெரும்பாலும் பாராமெடிக். இந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள முடியாது, சட்டப்படி பதிவு செய்தவர் மட்டுமே பாராமெடிக் என்று சொல்லிக்கொள்ளலாம். இன்று அந்தப் பணிக்கு வர பட்டப்படிப்பு வேண்டும். மற்றவர் அவசர மருத்துவத் தொழில்நுட்பராகவோ உதவியாளராகவோ இருப்பார். சீருடை கரும்பச்சை. வண்டியில் டாக்டர் இருக்க மாட்டார். அதனால் குறைவான சிகிச்சை என்று நினைக்க வேண்டாம். ஈ.சி.ஜி. எடுப்பது, வலிக்கு மருந்து தருவது, டிஃபிப்ரிலேட்டரால் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுப்பது, எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்வது எல்லாம் அவர்களே செய்வார்கள்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய படங்களில் பிரிட்டிஷ் ஆம்புலன்ஸ் வெள்ளையாக இருக்கும். இப்போது பளிச்சென்ற மஞ்சள், பகலிலும் மங்கிய மழை வெளிச்சத்திலும் உடனே கண்ணில் படும் நிறம். பக்கவாட்டில் பச்சையும் மஞ்சளுமாகப் பெரிய கட்டங்கள். இந்தக் கட்ட வடிவத்துக்கு 'பேட்டன்பெர்க்' என்று பெயர். அங்கே டீயோடு சாப்பிடும் ஒரு கேக்கை வெட்டினால் உள்ளே இதே மாதிரி இரு நிறக் கட்டங்கள் இருக்கும், பெயர் அதிலிருந்து வந்தது. பச்சை மஞ்சள் என்றால் ஆம்புலன்ஸ், நீலம் மஞ்சள் என்றால் போலீஸ், சிவப்பு மஞ்சள் என்றால் தீயணைப்பு. தூரத்தில் வரும்போதே யார் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

வண்டியின் உடல் இரண்டு மாதிரி. லாரியின் அடிச்சட்டத்தின்மேல் தனியாகப் பெட்டி பொருத்தியது ஒன்று, முழு வேனையே உள்ளே மாற்றி அமைத்தது மற்றொன்று. பெட்டி வண்டியில் உள்ளே இடம் அதிகம், எடையும் அதிகம், 3.5 டன்னைத் தாண்டிவிடும். இங்கேதான் ஒரு சிக்கல். 1997 ஜனவரி 1-க்குப் பிறகு கார் உரிமம் எடுத்தவர்கள் அந்த உரிமத்தை வைத்து இந்த எடை வண்டியை ஓட்ட முடியாது. சி1 என்ற தனி உரிமம் வேண்டும். பாராமெடிக் படிப்பு முடித்த இளைஞர்கள் கூடவே லாரி ஓட்டப் பழகுவது இதனால்தான். இங்கிருந்து போய் அந்த வேலையில் சேர நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இதே மஞ்சள் குடும்பத்தில் சிறப்பு வண்டிகளும் உண்டு. அதிக உடல் எடை கொண்ட நோயாளிகளுக்கு வலுவான ஸ்ட்ரெச்சரும் தூக்கியும் கொண்ட வண்டி. குறைமாதக் குழந்தையை இன்குபேட்டரோடு ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வண்டி. லண்டனில் கிறிஸ்துமஸ் காலத்தில் போதையில் விழுந்து கிடப்பவர்களுக்கென்றே தனி வண்டி ஓடியது, மக்கள் அதற்கு வைத்த பெயர் 'பூஸ் பஸ்'. நம்ம பேச்சில் சொன்னால் 'சரக்கு பஸ்'. சிரிக்கலாம், ஆனால் காரணம் நியாயமானது. ஒரு இருவர் ஆம்புலன்ஸ் ஒரு குடிகாரரை ஏற்றிக்கொண்டு போனால், அந்த நேரத்தில் மாரடைப்பு வந்த ஒருவருக்கு வண்டி இல்லாமல் போகும். பஸ்ஸில் ஒரே நேரத்தில் பலரை ஏற்றிக் கவனிக்கலாம்.

கார் வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள்

மஞ்சள் நிறம், நீல விளக்கு, ஆனால் உருவம் கார். உள்ளே ஒரே ஒரு பாராமெடிக். இதுதான் விரைவு உதவி வண்டி. ஸ்ட்ரெச்சர் கிடையாது, நோயாளியை ஏற்றிக்கொண்டு போகவும் முடியாது. பிறகு எதற்கு வருகிறது என்றால், இதயம் நின்றவருக்கு ஒவ்வொரு நிமிடமும் உயிர்தான். நெரிசலில் பெரிய வேன் வந்து சேரும் முன் காரில் ஒருவர் டிஃபிப்ரிலேட்டரோடு வந்துவிட்டால் போதும். பின்னால் இருவர் ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கும். சில நேரம் அதுவும் தேவைப்படாது. கார்க்காரரே பார்த்து, சிகிச்சை தந்து, "மருத்துவமனை வேண்டாம், நாளை உங்கள் டாக்டரைப் பாருங்கள்" என்று சொல்லிவிடுவார்.

பைக்கும் இதே வேலைதான். லண்டன் ஆம்புலன்ஸ் சேவையில் 1991 முதல் மோட்டார் சைக்கிள் பாராமெடிக்குகள் இருக்கிறார்கள்.

எனக்கு இந்த வரிசையிலேயே மிகவும் பிடித்தது மிதிவண்டி. 2000-ஆம் ஆண்டு டாம் லிஞ்ச் என்ற பாராமெடிக் லண்டன் வெஸ்ட் எண்ட் பகுதியில் சோதனையாகத் தொடங்கினார். வெஸ்ட் எண்ட் என்றால் கடைத்தெரு, நாடக அரங்குகள், சுற்றுலாக் கூட்டம், நம்ம தி.நகர் ரங்கநாதன் தெருவில் தீபாவளி நேரத்தில் ஆம்புலன்ஸ் நுழைவதை நினைத்துப் பாருங்க. மிதிவண்டி மட்டும் சந்திலும் நடைபாதையிலும் புகுந்து வந்துவிடும். பக்கப் பைகளில் டிஃபிப்ரிலேட்டர், ஆக்சிஜன், வலி மருந்து எல்லாம் இருக்கும். ஹீத்ரோ விமான நிலையத்திலும் இந்த அணி உண்டு. நீளமான முனையத்தில் பயணி ஒருவர் சுருண்டு விழுந்தால் கட்டடத்துக்குள்ளேயே மிதித்து வந்து சேர்வார்கள். அடுத்த முறை ஹீத்ரோவில் இறங்கும்போது ஹெல்மெட் போட்டுக்கொண்டு மூட்டையோடு ஒருவர் சைக்கிளில் போனால் வேடிக்கை பார்க்காமல் வழி விடுங்கள்.

இன்னொரு வகைக் காரும் சில நகரங்களில் ஓடுகிறது. அதில் ஒரு பாராமெடிக்கும் ஒரு மனநல நர்ஸும் சேர்ந்து வருவார்கள். தற்கொலை எண்ணம், கடும் பதற்றம் போன்ற அழைப்புகளுக்கு சைரனோடு பெரிய வண்டி வந்து, ஆரவாரமான அவசரப் பிரிவில் கொண்டுபோய் விடுவது பல நேரம் நிலைமையை மோசமாக்கும். வீட்டிலேயே உட்கார்ந்து பேசத் தெரிந்த ஒருவர் தேவை. வெளிநாட்டில் தனியாக அறையில் இருந்து படிக்கும் பிள்ளைகளுக்கு இது சொல்லி வைக்க வேண்டிய செய்தி: மனநல நெருக்கடிக்கும் 999 அழைக்கலாம், அது தவறான பயன்பாடு அல்ல. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லையென்றால் 111 அழைத்தும் மனநல உதவி கேட்கலாம்.

ஆபத்தான இடங்களுக்குப் போகும் குழு ஒன்றும் உண்டு. ரசாயனக் கசிவு, இடிந்த கட்டடம், வெள்ளம், உயரமான கோபுரம் என்று சாதாரண ஊழியர் நுழைய முடியாத இடங்களில் மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு உள்ளே போகும் பாராமெடிக்குகள் அவர்கள். ஹார்ட் குழு என்று சுருக்கிச் சொல்வார்கள், இதயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வானத்தில் வருவது யார் பணத்தில்?

பிரிட்டனில் முதல் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் சேவை 1987-இல் கார்ன்வாலில் தொடங்கியது. லண்டனின் வான் ஆம்புலன்ஸ் 1989-இல் உருவானது. வைட்சேப்பலில் இருக்கும் ராயல் லண்டன் மருத்துவமனையின் மொட்டைமாடி அதன் தளம். இதில்தான் டாக்டர் வருகிறார். சாலையோரத்திலேயே மயக்கம் கொடுத்து நெஞ்சைத் திறந்து அறுவைச் சிகிச்சை செய்த நிகழ்வுகள் உண்டு. ஹெலிகாப்டர் என்றதும் நோயாளியைத் தூக்கிக்கொண்டு பறக்கும் என்று நினைப்போம். லண்டனில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. டாக்டரை விபத்து இடத்துக்குக் கொண்டுவருவதே அதன் முக்கிய வேலை, பிறகு நோயாளி சாலை ஆம்புலன்ஸில் போவார், டாக்டர் கூடவே ஏறிக்கொள்வார். இரவில் அதே குழு காரில் போகும்.

சரி, இவ்வளவு விலை உயர்ந்த சேவைக்கு யார் பணம்? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பகுதி நன்கொடை. ஹெலிகாப்டர்களை நடத்துவது தொண்டு நிறுவனங்கள். லாட்டரி, பழைய துணிக் கடை, மாரத்தான் ஓட்டம் என்று மக்களிடம் திரட்டிய பணத்தில் பறக்கின்றன. இளவரசர் வில்லியம் 2015 முதல் 2017 வரை கிழக்கு ஆங்கிலியா வான் ஆம்புலன்ஸில் விமானியாக வேலை பார்த்தார். என் கருத்தைச் சொன்னால், சாலை ஆம்புலன்ஸ் அரசுச் செலவு, வான் ஆம்புலன்ஸ் பழைய துணி விற்ற பணம் என்ற பிரிவினை விசித்திரமாகவே இருக்கிறது. ஆனால் அங்கே பலர் இதைப் பெருமையாக நினைக்கிறார்கள், அரசின் பட்ஜெட் வெட்டுக்கு அது தப்பிக்கும் என்கிறார்கள்.

ஸ்காட்லாந்து இதில் மாறுபடுகிறது. அங்கே அரசுப் பணத்தில் ஹெலிகாப்டர்களும் சிறு விமானங்களும் ஓடுகின்றன. காரணம் தீவுகள். 1933-இல் ஐலே தீவிலிருந்து நோயுற்ற மீனவர் ஒருவரை விமானத்தில் கிளாஸ்கோ பக்கம் கொண்டுவந்ததிலிருந்து அந்தக் கதை தொடங்குகிறது. பாரா என்று ஒரு தீவு இருக்கிறது, அங்கே ஓடுபாதையே கடற்கரை மணல்தான். அலை ஏறினால் ஓடுபாதை தண்ணீருக்குள். இரவில் அவசரமாக விமானம் இறங்க வேண்டி வந்தால் கார்களின் முகப்பு விளக்கைப் போட்டு வெளிச்சம் காட்டுவார்கள்.

தென்மேற்கு மூலையில் சில்லி தீவுகள். மக்கள் வாழும் தீவு ஐந்து, மருத்துவமனை இருப்பது ஒன்றில் மட்டும். அதனால் அங்கே ஆம்புலன்ஸ் ஒரு படகு. படகு ஆம்புலன்ஸ் லண்டனுக்கும் புதிதல்ல. 1884 முதல் பெரியம்மை நோயாளிகளைத் தேம்ஸ் நதி வழியாகப் படகில் ஏற்றி, ஊருக்கு வெளியே நங்கூரமிட்ட மருத்துவமனைக் கப்பல்களுக்குக் கொண்டுபோனார்கள். பிரிட்டனுக்கு நேரடியாக உட்படாத, ஆனால் பிரிட்டிஷ் முடியாட்சியின் கீழ் வரும் சார்க் தீவில் கார்களுக்கே அனுமதி இல்லை. அங்கே ஆம்புலன்ஸை டிராக்டர் இழுத்துக்கொண்டு போகும்.

பெல்ஃபாஸ்டில் ஒரு டாக்டர்

இந்த வண்டிகள் எல்லாம் "ஏற்றிக்கொண்டு ஓடு" என்ற நிலையிலிருந்து "வந்து சிகிச்சை கொடு" என்ற நிலைக்கு மாறியதில் பெரிய பங்கு ஒருவருடையது. ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ், வட அயர்லாந்து இதய மருத்துவர். மாரடைப்பில் இறப்பவர்களில் பலர் மருத்துவமனை வந்து சேரும் முன்பே இறக்கிறார்கள் என்பதைக் கவனித்தார். டிஃபிப்ரிலேட்டர் அப்போது மருத்துவமனையின் மின் இணைப்பில் மாட்டி வைத்த கருவி. அதை 1965-இல் கார் பேட்டரியில் ஓடும்படி மாற்றி ஆம்புலன்ஸில் ஏற்றினார். எடை 70 கிலோ. 1966-இல் பெல்ஃபாஸ்ட் ராயல் விக்டோரியா மருத்துவமனையிலிருந்து இந்த நடமாடும் இதயப் பிரிவு ஓடத் தொடங்கியது. சில ஆண்டுகளில் கருவி சுமார் 3 கிலோவுக்கு இறங்கியது. இன்று ரயில் நிலையச் சுவரில் மாட்டியிருக்கும் சின்னப் பெட்டிக்கு அதுவே முன்னோடி.

இவர் கதையில் நமக்குத் தொடர்புள்ள ஒரு பக்கமும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராக இருந்த பான்ட்ரிட்ஜ், 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் கைதியானார். சயாம் மரண ரயில் பாதையில் வேலை செய்ய அனுப்பப்பட்டார். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழர்கள் செத்து விழுந்த அதே பாதை. அங்கே சத்துக் குறைவால் வந்த இதய பெரிபெரி நோயோடு உயிர் பிழைத்து ஊர் திரும்பினார்.

ஆம்புலன்ஸ் போலத் தெரியும், ஆனால் அவசரத்துக்கு அல்ல

டயாலிசிஸ், கீமோதெரபி போன்ற சிகிச்சைக்கு வாராவாரம் போய்வர முடியாதவர்களுக்கு நோயாளிப் போக்குவரத்து வண்டி உண்டு. மருத்துவத் தேவை இருந்தால் கட்டணம் இல்லை, முன்பதிவு செய்ய வேண்டும். கால்பந்து மைதானத்திலும் இசை நிகழ்ச்சியிலும் நிற்கும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் 1877-இல் தொடங்கிய தொண்டு அமைப்பு. கிராமங்களில் 'சமூக முதல் உதவியாளர்' என்ற தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரே பையோடு சொந்தக் காரில் வந்து சேர்ந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், கட்டுப்பாட்டு அறைதான் அவரை அனுப்பியிருக்கும். நீல விளக்கு இல்லாத அவர் வேக வரம்பைக் கடைப்பிடித்தே வருவார். பச்சை விளக்கு சுழலும் கார் என்றால் உள்ளே இருப்பவர் டாக்டர். ரத்தம், தாய்ப்பால், பரிசோதனை மாதிரிகளை இரவில் மருத்துவமனைகளுக்கு இடையே கொண்டுபோகும் 'பிளட் பைக்' தன்னார்வலர்களும் சம்பளம் வாங்குவதில்லை.

காத்திருப்பு என்ற உண்மை

இவ்வளவு வகை வண்டி இருந்தும் ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகிறது என்பதை மறைத்து எழுதுவது சரியல்ல. 2022 டிசம்பரில் இங்கிலாந்தில் இரண்டாம் வகை அழைப்புகளுக்குச் சராசரிக் காத்திருப்பு ஒன்றரை மணி நேரத்தையும் தாண்டியது. 18 நிமிடம் என்ற இலக்கோடு வைத்துப் பாருங்கள். வண்டி இல்லாமல் இல்லை. மருத்துவமனைப் படுக்கைகள் நிரம்பியதால் அவசரப் பிரிவில் இடமில்லை, இடமில்லாததால் ஆம்புலன்ஸ்கள் நோயாளியை உள்ளேயே வைத்துக்கொண்டு வாசலில் வரிசையாக நின்றன. வாசலில் நிற்கும் வண்டி அடுத்த வீட்டுக்குப் போக முடியாது. அதன் பிறகு நிலைமை மேம்பட்டாலும், 18 நிமிடத்துக்குப் பதில் 30 நிமிடம் என்ற தற்காலிக இலக்கை வைத்துத்தான் ஓட்டினார்கள்.

அதனால் காத்திருக்கும்போது நோயாளியின் நிலை மோசமானால் மறுபடியும் 999 அழைத்துச் சொல்ல வேண்டும். "ஏற்கெனவே சொல்லிட்டோமே, தொந்தரவு பண்ண வேண்டாம்" என்ற நம்ம ஊர்த் தயக்கம் இங்கே ஆபத்து. நிலை மாறியது தெரிந்தால் வகையும் மாறும், வண்டியும் மாறும்.

உங்க போன் செய்யும் வேலை

ஸ்மார்ட்போனிலிருந்து 999 அழைத்தால் இருப்பிடத் தகவல் தானாகவே கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். பிரிட்டனில் 2014-இல் தொடங்கிய ஏற்பாடு இது, தனியாகச் செயலி எதுவும் வேண்டாம். ஆனாலும் அஞ்சல் குறியீட்டை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. நம்ம பின்கோடு ஒரு பெரிய பகுதியைக் காட்டும். அங்கே ஒரு அஞ்சல் குறியீடு சராசரியாக 15 முகவரிகளைத்தான் குறிக்கும். குறியீடும் வீட்டு எண்ணும் சொன்னால் வாசலுக்கே வந்துவிடலாம். மூன்று சொற்களில் இடத்தைச் சொல்லும் வாட்3வேர்ட்ஸ் செயலியையும் அங்கே பல சேவைகள் ஏற்கின்றன. மலையேறப் போகும் இடத்தில் உதவும். ஆனால் பதற்றத்தில், நம்ம உச்சரிப்பில், ஒரு சொல் மாறிக் கேட்டால் இடமே மாறிவிடும், எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள்.

பேச முடியாதவர்கள், காது கேளாதவர்கள் குறுஞ்செய்தியில் 999-ஐத் தொடர்புகொள்ளலாம். அதற்கு 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பி முன்பே பதிவு செய்துகொள்ள வேண்டும். அவசரம் வந்த பிறகு பதிவு செய்யலாம் என்று விட்டுவிடாதீர்கள். ஆங்கிலம் தடுமாறும் அம்மா அப்பா தனியாக வீட்டில் இருந்தால், 'ஆம்புலன்ஸ்', அஞ்சல் குறியீடு, 'தமிழ்' என்று மூன்றை மட்டும் சொல்லப் பழக்கி வையுங்கள். தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளரை இணைக்கும் வசதி சேவைகளிடம் உண்டு. ஒரு தாளில் எழுதி குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது.

காரில் போகும்போது பின்னால் நீல விளக்கு தெரிந்தால் இடது ஓரம் ஒதுங்குங்கள், ஆனால் சிவப்பு சிக்னலைத் தாண்டாதீர்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குச் சிவப்பைத் தாண்ட விலக்கு இருக்கிறது, வழிவிடும் உங்களுக்கு இல்லை. நல்லது செய்யப் போய் அபராதச் சீட்டு வரும்.

பணம் பற்றிய பயமும் பலருக்கு உண்டு. அவசரத்துக்கு 999 ஆம்புலன்ஸை அழைத்ததற்குக் கையில் பில் நீட்ட மாட்டார்கள், அவசரப் பிரிவுச் சிகிச்சைக்கும் கட்டணம் கிடையாது. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே சுகாதாரக் கூடுதல் கட்டணம் செலுத்திய மாணவர்களுக்கும் பணியாளர்களுக்கும் வார்டில் சேர்ந்தாலும் என்.எச்.எஸ். கவனிக்கும். சுற்றுலா விசாவில் போன பெற்றோரை வார்டில் அனுமதித்தால் கட்டணம் வரும், அதற்குப் பயணக் காப்பீடு எடுத்துவிட்டுப் போவதே வழி.

கடைசியாக, இங்கே இருக்கும் நமக்கு. தமிழ்நாட்டிலிருந்து 999 அழைத்தால் அது பிரிட்டனுக்குப் போகாது. வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கும்போதே மகன் மயங்கி விழுந்தால், அங்கே அவருக்கு அருகில் இருக்கும் ஒருவர்தான் அழைக்க வேண்டும். அறை நண்பரின் எண், வீட்டு உரிமையாளர் அல்லது பக்கத்து வீட்டார் எண், கல்லூரி விடுதிப் பாதுகாவலர் எண், முழு முகவரி, அஞ்சல் குறியீடு. இந்த ஐந்தும் உங்கள் போனில் இல்லையென்றால் இன்று இரவு பேசும்போது கேட்டு வாங்கிச் சேமித்துக்கொள்ளுங்கள்.